30 ரூபாய் வேலைக்கு ஒரு கடிதம்!

கணித மேதை ராமானுஜம் எழுதிய மனு: வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

1912-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம் 9-ந் தேதி.

சென்னை திருவல்லிக்கேணி. "சம்மர் ஹவுஸ்" என்ற இடம். கதவு எண் 7. அந்த விலாசத்தைப் போட்டு ஒரு வாலிபர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார்.

கடிதம் யாருக்கு? சென்னைத் துறைமுக ஆபீசின் தலைமைக் கணக்கு அதிகாரிக்கு.

எதற்காக? ஒரு குமாஸ்தா வேலைக்காக!

வாலிபருக்கு வயது 24. கல்யாணம் ஆகிவிட்டது. நிலையான வேலை இல்லை. காலேஜ் படிப்பும் பாதியில் நின்றுவிட்டது.

அந்த வாலிபர் யார் தெரியுமா? இன்று உலகமே போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜம்தான்!

அன்று அவர் எழுதிய மனு மிகச் சிறியது. நாலைந்து வாக்கியங்கள்தான். ஆனால் அந்த நாலைந்து வாக்கியங்கள் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டன. இன்று வேலைக்கு மனுப்போடும் ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

பரீட்சையில் தவறியவர்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். பள்ளிக்கூடத்தில் அவர் கெட்டிக்கார மாணவர். மெட்ரிகுலேஷன் தேறினார். உதவிச் சம்பளத்துடன் கும்பகோணம் காலேஜில் சேர்ந்தார்.

அதன் பிறகுதான் கஷ்டம். இரவும் பகலும் கணக்கு, கணக்கு, கணக்கு! மற்றப் பாடங்களைத் தொடவே இல்லை. உதவிச் சம்பளம் போய்விட்டது. பிறகு சென்னை பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை.

1909-ல் ஜானகி என்ற பெண்ணுடன் கல்யாணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. வேலை தேடி அலைந்தார். கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றுதான்.

1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவரே. "தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள்" என்று ராமானுஜம் கேட்டார்.

ராமசாமி ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். திகைத்தார். இப்படிப்பட்ட மூளையைத் தாலுகா ஆபீசில் கட்டிப்போடுவதா? அவர் வேலை கொடுக்கவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பி வைத்தார்.

சிலர் உதவினார்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். ஆனால் பிறர் தயவில் எத்தனை நாள் சாப்பிடுவது? 1912-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய் சம்பளத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. அதுவும் சில வாரங்களே நீடித்தது.

அப்போதுதான் துறைமுக ஆபீசில் ஓர் இடம் காலி என்று தெரிந்தது. பேனாவை எடுத்தார்.

கடிதத்தில் என்ன இருந்தது?

முதல் வாக்கியத்திலேயே காரியத்துக்கு வந்துவிட்டார். "தங்கள் ஆபீசில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிகிறேன். அதற்கு விண்ணப்பிக்கிறேன்" என்பது அதன் கருத்து.

இரண்டாவது, படிப்பு. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எப்.ஏ. வரை படித்ததைச் சொன்னார். எதிர்பாராத சில காரணங்களால் மேலே படிக்க முடியவில்லை என்பதையும் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எப்.ஏ. தேறினேன்" என்று அவர் பொய் எழுதவில்லை. பரீட்சையில் தவறிய கதையை நீட்டி முழக்கி அழவும் இல்லை. ஒரே வரியில் உண்மையைச் சொல்லி முடித்தார்.

மூன்றாவது, அந்தக் காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை என்பது. தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாக எழுதினார்.

நான்காவது, நம்பிக்கை. இந்த வேலை கிடைத்தால் அதைச் சரியாகச் செய்ய முடியும் என்று உறுதியாகச் சொன்னார்.

கடைசியில், வேலையைத் தரும்படி ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான்.

"நான் பெரிய மேதை" என்ற பேச்சே இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேறொருவர் இருந்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்ற வெள்ளைக்காரர் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்திருந்தார். கணிதத்தில் இந்த வாலிபருக்கு அபாரமான திறமை உண்டு என்று அதில் எழுதியிருந்தார். அதையும் மனுவுடன் இணைத்தார்.

மார்ச் 1-ந் தேதி ராமானுஜம் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்!

வேலைக்குப் பின்னே வந்த அதிர்ஷ்டம்

துறைமுக ஆபீசின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர். ராமானுஜத்துக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரோ கணித ஆர்வம் உள்ளவர். இருவரும் புதுக் குமாஸ்தாவின் அருமையைப் புரிந்துகொண்டார்கள். ஊக்கம் கொடுத்தார்கள்.

வீட்டில் அடுப்பு எரிந்தது. மனதில் அமைதி வந்தது. அதன் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற இரண்டாவது கடிதம் பிறந்தது.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜம் எழுதினார். "சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில், ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா நான்" என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். தாம் கண்டுபிடித்த கணித உண்மைகளைப் பக்கம் பக்கமாக எழுதி உடன் வைத்தார். அவை நூறுக்கு மேல் இருக்கும்.

இதற்கு முன்பு வேறு அறிஞர்களுக்கும் எழுதியிருந்தார். பயன் இல்லை. ஆனால் ஹார்டி படித்தார். அசந்து போனார். பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதினார். 1914 மார்ச் மாதம் ராமானுஜம் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற உயர்ந்த கவுரவம் கிடைத்தது. 1920-ல், 32 வயதில், காலமானார்.

ஒரு வேடிக்கை! ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தமக்கு வயது சுமார் 23 என்று ராமானுஜம் எழுதினார். உண்மையில் அப்போது அவருக்கு 25 வயது முடிந்துவிட்டது. எண்களின் மன்னரே தம் வயதில் தவறு செய்தார்! ஆகவே, எழுதியதை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்ப்பது யாருக்கும் அவமானம் அல்ல.

வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு மனு

காலம் மாறிவிட்டது. துறைமுக ஆபீசுக்குக் காகிதத்தில் மனு போன காலம் போய், செல்போனில் ஈமெயில் போகும் காலம் வந்துவிட்டது. ஆனால் மனுவின் கஷ்டம் மாறவில்லை.

பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் இருக்கிறது. வாலீசுவரர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. தாத்தா கைநாட்டு, அப்பா தமிழ் படிக்கத் தெரிந்தவர், பிள்ளை பட்டதாரி என்ற வீடுகள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

வேலை தரும் இடங்களும் பக்கத்தில் இருக்கின்றன. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை, எறையூரில் சர்க்கரை ஆலை, அரியலூர்ப் பக்கம் வரிசையாகச் சிமெண்டு ஆலைகள். ஆனால் அவற்றில் பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் வேலைகளுக்கு மனு பெரும்பாலும் இங்கிலீஷில்தான் போக வேண்டியிருக்கிறது. அதுவும் ஈமெயிலில்!

இங்கேதான் பல பிள்ளைகள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். படிப்பு இருக்கும், திறமை இருக்கும். "இங்கிலீஷில் எப்படி எழுதுவது?" என்ற பயத்தில் கடைசித் தேதி ஓடிவிடும். ஒரு பக்கக் கடிதத்துக்குப் பயந்து ஒரு வேலையை இழப்பதா?

அந்தப் பயம் தேவையில்லை. மனுக் கடிதம் என்பது இலக்கியம் அல்ல. ராமானுஜத்தின் கடிதத்தைப் போல அதற்கு ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஐந்து பகுதிகள்

கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு ஒரு பி.காம். பட்டதாரிப் பெண் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் பகுதி: எந்த வேலை? அந்த வேலையின் பெயர், விளம்பரம் வந்த இடம், அதன் தேதி. விளம்பரத்தில் எண் கொடுத்திருந்தால் அதுவும் வேண்டும். ஒரு கம்பெனியில் ஒரே சமயத்தில் பல வேலைகளுக்கு மனுக்கள் வந்து குவியும். எந்த வேலைக்கு என்று சொல்லாத மனு, விலாசம் இல்லாத தபால் போன்றது.

இரண்டாம் பகுதி: என்ன படிப்பு? கடைசியாகப் படித்ததை முதலில் சொல்ல வேண்டும். எந்தக் காலேஜ், எந்த ஆண்டு என்பது போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அரியர் பாக்கி இருந்தால் ராமானுஜத்தைப் போல ஒரே வரியில் உண்மையைச் சொல்லலாம். மறைத்தால் சான்றிதழ் பார்க்கும் நாளில் வெளிவந்துவிடும். வந்த வேலையும் போய்விடும்.

மூன்றாம் பகுதி: என்ன செய்யத் தெரியும்? இதுதான் கடிதத்தின் உயிர். "நான் கடின உழைப்பாளி" என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. "மளிகைக் கடையில் 8 மாதம் கணக்கு எழுதினேன், டாலி கம்ப்யூட்டர் கணக்கு தெரியும், ஜி.எஸ்.டி. பில் போடத் தெரியும்" என்று எழுதினால் படிப்பார்கள். அப்பாவின் வெங்காய மண்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டதும் அனுபவம்தான். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

நான்காம் பகுதி: எப்போது சேர முடியும்? நேரில் வரத் தயாரா, எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பது இதில் வரும்.

ஐந்தாம் பகுதி: நன்றி, கையெழுத்து. "டியர் சார்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று முடிப்பது பழைய இங்கிலீஷ் மரபு. பெயர் தெரிந்து "டியர் மிஸ்டர் இன்னார்" என்று எழுதினால் "யுவர்ஸ் சின்சியர்லி". அதிகாரி ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் "டியர் சார் ஆர் மேடம்" என்று எழுதலாம்.

இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். முக்கால் பக்கமானால் இன்னும் நல்லது.

கேட்பவருக்கு வேண்டியது எது?

ராமானுஜத்துக்கும் முன்னால், இத்தாலி நாட்டில் ஒரு மேதை வேலைக்கு மனு எழுதினார். அவர்தான் லியனார்டோ டா வின்சி. பிற்காலத்தில் "மோனாலிசா" ஓவியத்தைத் தீட்டியவர்!

1482-ம் ஆண்டு வாக்கில் மிலான் நகர ஆட்சியாளருக்கு அவர் ஒரு கடிதம் தயாரித்தார். அவர் ஓவியர் அல்லவா? ஓவியத்தைப் பற்றித்தானே எழுதியிருப்பார்?

அதுதான் இல்லை! எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் எல்லாம் தமக்குச் செய்யத் தெரியும் என்று வரிசையாகச் சொன்னார். "ஓவியமும் வரைவேன்" என்பது கடைசியில்தான் வந்தது. காரணம் என்ன? அந்த ஆட்சியாளருக்கு அப்போது வேண்டியது போர்க் கருவிகள்!

மனு எழுதுகிறவர் தமக்குப் பிடித்ததை முதலில் சொல்லக் கூடாது. வேலை கொடுப்பவருக்கு வேண்டியதை முதலில் சொல்ல வேண்டும். ஒரே கடிதத்தை 50 கம்பெனிகளுக்கு அனுப்புவதை விட, விளம்பரத்தைப் படித்து 5 கம்பெனிகளுக்கு 5 விதமாக எழுதுவது மேல்.

"பெக்" வேண்டாம்!

ராமானுஜத்தின் கடிதத்தில் "ஐ பெக்" என்ற சொல் வருகிறது. "இரந்து கேட்கிறேன்" என்று பொருள். கடைசியில் "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்" என்று கையெழுத்து. அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர்களும் அதே பாணியைத்தான் பிடித்தார்கள்.

வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். "பெக்" மட்டும் போகவில்லை! இன்றும் சிலர் "ஹம்பிளி", "ஒபீடியண்ட்" என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

வேலை கேட்பது பிச்சை கேட்பது அல்ல. உழைப்பைக் கொடுத்துச் சம்பளம் வாங்குவது. "ஐ விஷ் டு அப்ளை" என்றால் "விண்ணப்பிக்க விரும்புகிறேன்" என்று பொருள். மரியாதையும் இருக்கிறது, கூனலும் இல்லை. இது போதும்.

மயங்கி விழுந்தாரா?

தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதும்போது சில தவறுகள் புகுந்துவிடும்.

"ஐ ஆம் கம்ப்ளீட்டட் பி.காம்." என்று பலர் எழுதுகிறார்கள். இது தவறு. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்" என்று எழுத வேண்டும்.

"ஐ பாஸ்டு அவுட் இன் 2024" என்று எழுதுவதும் வழக்கம். நம் நாட்டில் இது "2024-ல் படித்து முடித்தேன்" என்று புரிந்துகொள்ளப்படும். ஆனால் இங்கிலாந்துக்காரர் படித்தால், "2024-ல் மயங்கி விழுந்தேன்" என்று எடுத்துக்கொள்வார்! "ஐ கிராஜுவேட்டட் இன் 2024" என்றால் தொல்லை இல்லை.

"டூ த நீட்ஃபுல்" என்பதும் கச்சேரிக் காலத்துச் சரக்கு. என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

சிறிய வாக்கியங்களே நல்லவை. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. பெரிய சொல் தெரியாவிட்டால் சிறிய சொல். அகராதியைப் புரட்டிக் கடினமான சொல்லைப் போட்டால் பல்லில் கல் கடிபடுவது போலத்தான் இருக்கும்.

ஊர்ப் பெயரும் இனிஷியலும்

வாலிகண்டபுரத்தை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? கேட்கச் சுலபம். ஆனால் 1751-ம் ஆண்டில் இந்தப் பக்கத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை அருகே இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்தபோது, வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பெயரை "வால்கொண்டா" என்று எழுதி வைத்தார்கள். யார் எப்படிக் கேட்டாரோ, அப்படி எழுதினார்!

இன்று அப்படி விளையாட முடியாது. ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, மனுவில் ஒரு எழுத்து என்றால் சான்றிதழ் பார்க்கும்போது சங்கடம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி எழுதுவதே நல்லது.

இனிஷியல் இன்னொரு தொல்லை. கம்ப்யூட்டர் படிவங்களில் "ஃபர்ஸ்ட் நேம்", "லாஸ்ட் நேம்" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர்தான் முன்னெழுத்து. ராமானுஜமும் "எஸ். ராமானுஜன்" என்றுதான் கையெழுத்துப் போட்டார். "எஸ்" என்பது அவருடைய தந்தை சீனிவாசனின் முன்னெழுத்து. உலகமோ "சீனிவாச ராமானுஜன்" என்று இரண்டு பெயராக்கி அழைக்கிறது!

முதல் கட்டத்தில் தன் பெயரையும் இரண்டாவது கட்டத்தில் இனிஷியலையும் போடலாம். இனிஷியலை ஏற்காவிட்டால் தந்தையின் முழுப் பெயரைப் போடலாம். எதைப் போட்டாலும் எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும்.

ஈமெயில் அனுப்பும் முறை

ராமானுஜத்தின் கடிதம் சென்னையிலிருந்து கப்பலேறி ஹார்டியின் கைக்குப் போகப் பல நாட்கள் ஆயின. இன்று வாலிகண்டபுரத்தில் விரலால் தொட்டால் லண்டனுக்கு நொடியில் போய்விடுகிறது.

ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர்தான் 1971-ல் இதற்கு வழிகாட்டியவர். ஈமெயில் விலாசத்தின் நடுவே "ஏ" எழுத்துக்கு வால் போட்டதுபோல ஒரு குறி இருக்கிறதல்லவா? வியாபாரிகள் விலைப் பட்டியலில் பயன்படுத்திய குறி அது. அதை எடுத்து, ஆள் பெயருக்கும் கம்ப்யூட்டர் பெயருக்கும் நடுவில் வைத்தவர் அவர்தான்.

ஈமெயில் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை இவை:

விலாசம் கவுரவமாக இருக்க வேண்டும். சினிமா நடிகர் பெயரையும் பட்டப் பெயரையும் வைத்துத் தொடங்கிய பழைய விலாசம் வேலைக்கு ஆகாது. சொந்தப் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கலாம். அதற்குச் செலவு இல்லை.

"சப்ஜெக்ட்" என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. வேலையின் பெயர், விளம்பர எண், விண்ணப்பிப்பவர் பெயர் மூன்றும் அங்கே வர வேண்டும்.

கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாள்களை மட்டும் இணைத்து அனுப்புவது, வீட்டுக்குள் வந்து வணக்கம் சொல்லாமல் உட்காருவது போன்றது. கடிதத்தைக் கட்டத்திலேயே எழுதலாம். தன் விவரக் குறிப்பைப் பி.டி.எஃப். கோப்பாக இணைக்கலாம். கோப்புக்குத் தன் பெயரையே வைக்க வேண்டும். வெறும் "ரெஸ்யூம்" என்று பெயர் வைத்தால், நூறு பேருடைய கோப்பும் அதே பெயரில் இருக்கும்.

சான்றிதழ்களைக் கட்டிலின்மேல் வைத்துச் செல்போனில் படம் பிடித்தால் போர்வைப் பூவும் சேர்ந்து விழும்! நல்ல வெளிச்சத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். அல்லது ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

அனுப்ப வேண்டிய விலாசத்தைக் கடைசியில் எழுதுவது புத்திசாலித்தனம். முதலிலேயே எழுதிவிட்டால் பாதிக் கடிதத்தில் கை தவறிப் பட்டு, மனு பறந்துவிடும். பிறகு திரும்பப் பிடிப்பது கஷ்டம்!

ஒரே கடிதத்தில் இருபது கம்பெனி விலாசங்களைப் போட்டு அனுப்பக் கூடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் மற்றவர்களின் பெயர் தெரியும். குப்பைக்குப் போகும்.

சொந்தச் சரக்கு

"இங்கிலீஷ் வராதவர் பிறர் உதவியைக் கேட்கலாமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம்.

ராமானுஜம் தமக்கு எழுதிய முதல் கடிதத்தின் இங்கிலீஷ் முழுவதும் ராமானுஜத்தினுடையதாக இருக்க முடியாது என்று ஹார்டியே பிற்காலத்தில் எழுதினார். நண்பர்கள் கைகொடுத்திருக்கிறார்கள். அதனால் ராமானுஜத்தின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. இங்கிலீஷ் பிறர் உதவியால் வந்திருக்கலாம். கணிதம் அவருடையது!

இன்று செல்போனே கடிதம் எழுதித் தந்துவிடுகிறது. பிழையைத் திருத்த அது நல்ல துணை. ஆனால் எல்லாவற்றையும் அதனிடம் விட்டால், தெரியாத வேலையைத் தெரியும் என்றும், போகாத ஊருக்குப் போனதாகவும் அது எழுதிவிடக்கூடும். நேர்முகத்தில் அதிகாரி கேள்வி கேட்கும்போது செல்போன் வந்து பதில் சொல்லாது.

அப்பா சரிபார்க்கலாம்!

இங்கிலீஷ் தெரியாத பெற்றோர் இதில் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம்.

அனுப்பும் முன் பெற்றோர் ஒரு பரீட்சை வைக்கட்டும். "என்னம்மா எழுதியிருக்கே? தமிழில் சொல்லு, கேட்போம்" என்று அப்பா கேட்கட்டும். பெண் தடங்கல் இல்லாமல் சொன்னால் கடிதம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "இந்த வரி என்னன்னு தெரியலைப்பா, போன்ல வந்துச்சு" என்று சொன்னால் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

எண்கள் எல்லா மொழிக்கும் பொது. போன் நம்பர், பிறந்த தேதி, மார்க், தேறிய ஆண்டு ஆகியவற்றை அசல் சான்றிதழுடன் வைத்து அம்மாவே ஒப்பிட்டுப் பார்க்கலாம். போன் நம்பரில் ஒரு எண் தவறினால் நேர்முகத்துக்கான அழைப்பு வேறு யாருக்கோ போய்விடும்!

பணம் கேட்டால்?

"வேலை தயார். முன்பணமாக 5,000 ரூபாய் கட்டுங்கள்" என்று பதில் வந்தால், அங்கேயே நின்றுவிட வேண்டும். நேர்மையான கம்பெனி சம்பளம் கொடுக்கும். வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்காது.

பாங்கு ரகசிய எண்ணையும், செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இணைய மோசடிகளுக்காக அரசாங்கம் வைத்துள்ள எண் அது. தாமதிக்காமல் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

அரசாங்க வேலைக்கு இந்த மாதிரிக் கடிதம் தேவைப்படுவதில்லை. அறிவிப்பில் சொன்ன படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். தனியார் வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2020-ல் ஓர் இணையதளம் தொடங்கியது. அதற்குக் கட்டணம் இல்லை. பெரம்பலூரிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

பதில் வராவிட்டால்?

மனு அனுப்பி ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கலாம். ஈமெயிலில் "ஸ்பாம்" என்ற குப்பைப் பெட்டி உண்டு. நல்ல பதிலும் சில சமயம் அதில் விழுந்து கிடக்கும். அதையும் பார்க்க வேண்டும். பதில் இல்லாவிட்டால், "என் மனு கிடைத்ததா?" என்று மரியாதையாக இரண்டு வரி எழுதலாம். ஒரு முறை போதும். தினமும் எழுதினால் தொல்லை.

எந்த மனு எந்த நாளில் எங்கே போனது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. திடீரென்று ஒரு நாள் போன் வரும்போது "எந்தக் கம்பெனி?" என்று விழிக்க வேண்டியிருக்காது.

பத்து மனுவுக்குப் பதில் வராமல் போகலாம். அதனால் பிள்ளையின் திறமை குறைந்துவிட்டது என்று பொருள் அல்ல. ராமானுஜத்தின் கடிதத்துக்கே சில பெரியவர்களிடம் பலன் கிடைக்கவில்லை. அவர் அடுத்த கடிதத்தை எழுதினார். அதற்குத்தான் கேம்பிரிட்ஜிலிருந்து பதில் வந்தது!